'கொப்பி'ன்னா நோட்டு... 'அகதி'ன்னா? அருப்புக்கோட்டை வகுப்பறையில் யாரும் நடத்தாத பாடம்!

2010, ஜூன் மாதம். அருப்புக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடம். நான் ஆறாம் வகுப்பு. அந்த வருஷம்தான் எங்களுக்குச் சமச்சீர் கல்விப் புத்தகம் புதுசாக வந்தது. கணக்கு டீச்சர், "எல்லாரும் நோட்டை எடுங்க" என்றார். என் பக்கத்தில் இருந்தவள் எழுந்து, "டீச்சர், நான் கொப்பி கொண்டு வரேல்லை" என்றாள்.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

கொப்பி என்றால் நோட்டு. இலங்கையில் அப்படித்தான் சொல்வார்கள். அவள் பிறந்ததென்னவோ அருப்புக்கோட்டை அரசு ஆஸ்பத்திரியில்தான். ஆனால், வீட்டில் கேட்டு வளர்ந்த தமிழ் அதுவாக இருந்தது. அடுத்த வாரமே அவள் 'நோட்டு' என்று சொல்லப் பழகிவிட்டாள். 'கதைக்கிறது' போய் 'பேசுறது' வந்தது. ஒரு மாதத்தில் எங்களில் ஒருத்தி மாதிரியே ஆகிவிட்டாள். எங்களுக்கு அது பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு ஒருநாள், ஏதோ ஒரு ஃபாரம் நிரப்புவதற்காக ஓர் ஆசிரியர் வகுப்பில் வந்து, "அகதிப் பிள்ளைகள் மட்டும் எழுந்து நில்லுங்க" என்றார். நாலு பேர் எழுந்தார்கள். அவளும். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உதவித்தொகைக்கான பட்டியல்தான். ஆனால், அன்று சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவள் என்னோடு பேசவே இல்லை.

நாங்கள் இருவரும் ஒரே பெஞ்சில் ஐந்து வருஷம் உட்கார்ந்தோம். அவள் வீட்டுப் புட்டும் சம்பலும் எனக்கு அத்துப்படி. அவள் குடும்பம் ஏன் இங்கே வந்தது என்று மட்டும் ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. இந்தக் கட்டுரைக்காகத்தான் முதன்முறையாகக் கேட்டேன். பதினைந்து வருஷம் கழித்து!

பெயர், முகாம் பெயர் இரண்டும் வேண்டாம் என்றாள். அதனால் 'தோழி' என்றே எழுதுகிறேன்.

கருவேலங்காட்டுக்கு நடுவில் ஓர் இலங்கை

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் வந்திருக்கிறீர்களா? ஊருக்குள் தறிச் சத்தம். ஊரைத் தாண்டினால் கரிசல் காடு, மல்லிச் செடி, கண்ணுக்கெட்டிய தூரம் சீமைக்கருவேலம். மழைக்காலம் தவிர மற்ற நாளில் குண்டாறு மணலாகத்தான் கிடக்கும். ரமண மகரிஷி பிறந்த ஊர் என்று திருச்சுழியை வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். ஆனால், இதே விருதுநகர் மாவட்டத்தில் மல்லாங்கிணறு, குல்லூர்சந்தை போன்ற இடங்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருப்பது மாவட்டத்துக்காரர்கள் பலருக்கே நினைவில் இருக்காது. வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் தேவைப்படும்போது ஞாபகம் வரும். முகாம் ஆண்கள் பெரும்பாலும் பெயின்ட் வேலைக்குத்தான் போகிறார்கள்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு படகுகள் வரத் தொடங்கின. 90-ல் மறுபடி, 95-க்குப் பிறகு மறுபடி, 2006-ல் மறுபடி. மொத்தத்தில் மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர். 2021 ஆகஸ்ட்டில் தமிழக அரசு சட்டமன்றத்தில் சொன்ன கணக்குப்படி, 108 முகாம்களில் 58,822 பேர் இருந்தார்கள். முகாமுக்கு வெளியே போலீஸ் பதிவோடு இன்னும் 34,087 பேர். அப்போதுதான் 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'மறுவாழ்வு முகாம்' என்று மாறியது. புது வீடுகளும் அறிவிக்கப்பட்டன. மாதாந்தர உதவித்தொகை குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய் ஆனது. பெயர் மாற்றத்தைச் சிலர் கிண்டல் செய்தார்கள். வகுப்பில் எழுந்து நின்ற நாலு பேரில் ஒருத்தியைத் தெரியும் என்பதால், எனக்குக் கிண்டல் செய்யத் தோன்றவில்லை.

தோழியின் அம்மம்மா கதை, பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் அடங்குகிற கதை இல்லை. கண்டிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அவருடைய பாட்டனாரோ பூட்டனாரோ, பஞ்சகாலத்தில் பழைய ராமநாதபுரம் ஜில்லாவிலிருந்து கப்பலேறிப் போனவர். ஆமாம், இந்த வானம் பார்த்த பூமியிலிருந்துதான். எந்தக் கிராமம் என்று யாருக்கும் தெரியாது. 1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தொழிலாளர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1977 கலவரத்தில் லயன் வீடு எரிந்தது. அவர்கள் குடும்பம், அப்போது பலரும் போனதுபோல, வவுனியாப் பக்கம் போய்க் காடு திருத்திக் குடியேறியது. 1990-ல் அங்கேயும் போர். தலைமன்னாரிலிருந்து படகு. மண்டபம். அங்கிருந்து லாரியில் ஏற்றி விருதுநகர்ப் பக்கம்.

ஒரு குடும்பம் பஞ்சத்துக்குப் பயந்து கிளம்பிய மண்ணுக்கே, நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து, நெருப்புக்குப் பயந்து திரும்பி வந்திருக்கிறது. நாம் அவர்களிடம் "எந்த நாடு?" என்று கேட்கிறோம்.

அம்மம்மாவின் தங்கை படகேறவில்லை. வன்னியிலேயே இருந்துவிட்டார். 2009 தொடக்கத்தில் புதுக்குடியிருப்பிலிருந்து தெரிந்தவர் மூலம் ஒரு சேதி வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

எண்ணிக்கையில்கூட உடன்பாடு இல்லை

2009 மே மாதம் எனக்கு ஒன்பது வயது. டிவியில் ஓயாமல் ஏதோ ஓடியது. 'சிறுசுங்க பார்க்க வேண்டாம்' என்று அம்மா அணைத்துவிடுவார். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோது யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. முகாம் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில்கூட!

என்ன நடந்தது? முல்லைத்தீவுக் கடற்கரையோரம் அரசாங்கமே 'தாக்குதலற்ற பகுதி' என்று அறிவித்த சின்ன நிலத் துண்டுக்குள் லட்சக்கணக்கான மக்கள் நெருக்கப்பட்டார்கள். அதற்குள்ளும் குண்டு விழுந்தது. மே 18, முள்ளிவாய்க்கால். ஐ.நா. நிபுணர் குழு 2011-ல் கொடுத்த அறிக்கை, கடைசிக் கட்டத்தில் 40 ஆயிரம் பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்றது. ராணுவத்தின் குண்டுவீச்சைப் பற்றிச் சொன்ன அதே அறிக்கை, மக்களை வெளியேற விடாமல் புலிகள் தடுத்ததையும், சிறுவர்களைப் படையில் சேர்த்ததையும் சொன்னது. 2012-ல் ஐ.நா.வின் உள் ஆய்வு, 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கணக்கில் வரவில்லை என்றது. மன்னார் ஆயராக இருந்த ராயப்பு யோசேப்பு, வன்னியில் இருந்த மக்கள்தொகை பற்றிய அரசு அலுவலகக் கணக்கிலிருந்து, ராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்களின் கணக்கைக் கழித்துக் காட்டி, 1,46,679 பேர் எங்கே என்று கேட்டார். பதில் வராமலேயே 2021 ஏப்ரலில் அவர் காலமானார்.

இது இனப்படுகொலை என்று இலங்கையின் வடக்கு மாகாண சபை 2015-ல் தீர்மானம் போட்டது. கனடா நாடாளுமன்றம் 2022-ல், மே 18-ஐத் தமிழின அழிப்பு நினைவு நாளாக ஏற்றது. இலங்கை அரசு இன்றுவரை மறுக்கிறது. அதாவது, நடந்ததற்குப் பெயர் வைப்பதிலேயே தகராறு. 'மறந்துவிட்டு ஒற்றுமையாக இருங்கள்' என்கிற அறிவுரை மட்டும் எல்லோரிடமிருந்தும் வருகிறது.

என் தோழியிடம், "அம்மம்மா இதையெல்லாம் சொல்லித் தந்தாங்களா?" என்று கேட்டேன். இல்லையாம். மே மாதத்தில் ஒருநாள் மட்டும் உப்புப் போட்ட கஞ்சி காய்ச்சி எல்லோருக்கும் ஊற்றுவாராம். ஏன் என்று கேட்டால், "குடியுங்கோ" என்பதோடு சரி. கடைசி நாள்களில் முள்ளிவாய்க்காலில் மக்களுக்குக் கிடைத்த ஒரே சாப்பாடு அந்தக் கஞ்சிதான் என்பதை, காலேஜ் படிக்கும்போது யூடியூபில் பார்த்துத்தான் அவள் தெரிந்துகொண்டாளாம். அதே கஞ்சியைக் காய்ச்சிக் கொடுத்ததற்காக 2024 மே மாதம் திருகோணமலை மாவட்டம் சம்பூரில் பெண்கள் கைது செய்யப்பட்டார்கள். கஞ்சிக்கு!

புல்தரையில் உட்கார்ந்த நீதி

'அமைதிக் கல்வி', 'நல்லிணக்கம்' என்ற சொற்களைத் தேடினால் முதலில் வந்து நிற்கும் நாடு ருவாண்டா. 1994 ஏப்ரலில் தொடங்கி சுமார் நூறு நாள்களில் எட்டு லட்சம் பேர், பெரும்பாலும் டுட்ஸி இனத்தவர், கொல்லப்பட்ட நாடு. கொன்றவர்களில் பலர் பக்கத்து வீட்டுக்காரர்கள்.

அதைப் படிக்கும்போது ஒரு தகவல் என்னை நிறுத்திவிட்டது. படுகொலைக்குப் பல வருஷங்களுக்கு முன்பிருந்தே அங்கே வகுப்பறைகளில் ஆசிரியர்கள், "டுட்ஸி பிள்ளைகள் எழுந்து நில்லுங்க" என்பார்களாம். பட்டியல் எடுக்கத்தான். அடையாள அட்டையிலும் இனம் போட்டிருக்கும். அது பெல்ஜியம் ஆண்ட காலத்தில் வந்த வழக்கம். 94-ல் சாலைத் தடுப்புகளில் அந்த அட்டையைப் பார்த்துத்தான் ஆளைப் பிரித்தார்கள். எங்கள் வகுப்பில் நடந்ததும் இதுவும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. எடைபோட்டால் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். ஆனாலும், எழுந்து நிற்கச் சொல்லும் அந்தக் குரலை எனக்குத் தெரியும்.

படுகொலை முடிந்ததும் ருவாண்டா செய்த முதல் காரியங்களில் ஒன்று, பள்ளிகளில் வரலாற்றுப் பாடத்தை நிறுத்திவைத்தது. பழைய பாடம் வெறுப்பைத்தான் வளர்த்தது. புதுசாக எதைச் சொல்வதென்று தெரியவில்லை. இன்னொரு பக்கம், சிறைகள் நிரம்பி வழிந்தன. எல்லோரையும் கோர்ட்டில் விசாரிக்க ஒரு தலைமுறை போதாது. எனவே 'கச்சாச்சா' என்ற ஊர்ப் பஞ்சாயத்தைத் தூசு தட்டி எடுத்தார்கள். அந்தச் சொல்லுக்கு அடிப்படை 'புல்'. புல்தரையில் உட்கார்ந்து பேசுவது. நம்ம ஊர் மரத்தடி மாதிரி. சுமார் 12 ஆயிரம் மன்றங்கள், 2012-ல் முடிவதற்குள் ஏறக்குறைய 19 லட்சம் வழக்குகள். 'எங்கே புதைத்தாய், சொல்' என்று கேட்க ஓர் இடம் கிடைத்தது. பலருக்கு எலும்பாவது கிடைத்தது. பிறகு பாடத்திட்டம் மாறியபோது, அமைதியும் விழுமியங்களும் எல்லாப் பாடங்களுக்குள்ளும் சேர்க்கப்பட்டன.

அதற்காக ருவாண்டாவைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடவும் வேண்டாம். அரசு சொல்லும் வரலாற்றுக்கு மாறாகப் பேசினால் சட்டம் பாய்கிறது என்ற புகார் அங்கே உண்டு. ஆட்சியைப் பிடித்த படை பழிவாங்கலில் கொன்றவர்களைப் பற்றிப் புல்தரையில் பேச முடியவில்லை. பாதி வாய்தான் திறந்தது.

இலங்கையில் அந்தப் பாதிகூட இல்லை. அங்கே பிரச்னையின் வேரே வகுப்பறையில்தான் இருக்கிறது. 1956-ல் 'சிங்களம் மட்டும்' சட்டம். 1970-களின் தொடக்கத்தில் பல்கலைக்கழகத்தில் இடம் பிடிக்கத் தமிழ் மாணவர்கள் கூடுதல் மதிப்பெண் எடுக்க வேண்டும் என்று வந்த 'தரப்படுத்தல்'. 1981-ல் யாழ்ப்பாணம் நூலகம் எரிந்தபோது சாம்பலானவை 97 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள். துப்பாக்கி தூக்கிய பையன்களில் பலர் அந்தக் கோபத்தில் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியேறியவர்கள்.

இன்றும் அங்கே பெரும்பாலான பள்ளிகள் மொழியால் பிரிந்தவை. சிங்களப் பிள்ளை சிங்களப் பள்ளியில், தமிழ்ப் பிள்ளை தமிழ்ப் பள்ளியில். எதிர் வீட்டுப் பிள்ளையின் பெயரைக்கூடச் சரியாக உச்சரிக்கத் தெரியாமல் பள்ளிப் படிப்பை முடித்துவிட முடியும். இலங்கைக் கல்வி அமைச்சு 'சமூக ஒருங்கிணைவு மற்றும் சமாதானத்துக்கான கல்வி' பற்றி ஒரு தேசியக் கொள்கையே வெளியிட்டிருக்கிறது. ஆண்டு என்ன தெரியுமா? 2008. வன்னிப் பிள்ளைகள் பதுங்குகுழியில் இருந்த வருஷம்.

போர் முடிந்ததும் அமைக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, எல்லா இனப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்க வேண்டும், இரண்டு மொழியும் கற்க வேண்டும் என்றது. நல்ல யோசனைதான். ஆனால், காணாமல் போன பிள்ளைகளின் போட்டோவைப் பிடித்துக்கொண்டு கிளிநொச்சியில் 2017 பிப்ரவரியில் உட்கார்ந்த அம்மாக்களுக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் வளாகத்துக்குள் கட்டிய முள்ளிவாய்க்கால் நினைவுத்தூண், 2021 ஜனவரி 8 இரவு புல்டோசரால் இடிக்கப்பட்டது. மாணவர்கள் உண்ணாவிரதம் இருந்து, அது மறுபடி கட்டப்பட்டது. 2025-ல் யாழ்ப்பாணம் அருகே செம்மணியில் புதைகுழியைத் தோண்டியபோது 200-க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் கிடைத்தன. அதில் ஒரு குழந்தை. அதன் பக்கத்தில் நீல நிறத்தில் ஒரு புத்தகப் பை.

அந்தப் படத்தைத் தோழிக்கு நான் அனுப்பவில்லை. அவளே எனக்கு அனுப்பினாள். மெசேஜ் எதுவும் இல்லை, படம் மட்டும்.

முகாமில் நடந்த டியூஷன்

அப்படியானால் இங்கே, முகாம் பிள்ளைகளுக்கு யார் என்ன கற்றுக்கொடுத்தார்கள்?

தந்தை செல்வா என்று ஈழத்தில் அழைக்கப்பட்ட எஸ்.ஜே.வி.செல்வநாயகத்தின் மகன் சந்திரஹாசன், 1984-ல் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தை ஆரம்பித்தார். இதில் விசேஷம் என்னவென்றால், முகாமில் இருப்பவர்களேதான் அதன் தொண்டர்கள். முகாமில் ப்ளஸ் டூ முடித்த அக்கா சின்னப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுப்பார். கையில் ஆயுதம் வேண்டாம், சர்ட்டிஃபிகேட் இருக்கட்டும் என்பதுதான் அடிப்படை. இயேசு சபை அகதிகள் சேவை அமைப்பும் 1990-லிருந்து மாலை நேரப் படிப்பு மையங்கள் நடத்துகிறது. என் தோழி கணக்கில் என்னைவிட எப்போதும் அதிக மார்க் வாங்கியதற்குக் காரணம் ஒரு டியூஷன் அக்காதான்.

நடுவில் ஓர் இருட்டுக் காலமும் உண்டு. 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு, முகாம் பிள்ளைகளைப் பள்ளியில், கல்லூரியில் சேர்ப்பதற்குத் தமிழகத்தில் தடை விழுந்தது. தொண்டு நிறுவனங்கள் முகாமுக்குள் நுழைய முடியவில்லை. யாரோ செய்த கொலைக்கு, ஸ்லேட்டு தூக்கிய பிள்ளைகள் தண்டனை அனுபவித்தார்கள். தோழியின் அம்மா படிப்பு அந்தச் சமயத்தில் நின்றதுதான். அப்புறம் தொடரவே இல்லை. தடை நீங்கியபோது அவருக்குப் பள்ளிக்கூட வயது தாண்டிவிட்டது. இதைச் சொல்லும்போது தோழி குரலில் கோபம் இல்லை. "அம்மா எனக்குக் கொப்பிக்கு அட்டை போட்டுத் தர்றதுல காட்டின அக்கறை இருக்கே, அதைப் பார்த்தா உனக்குப் புரியும்" என்றாள். 'கொப்பி' திரும்பி வந்துவிட்டதைக் கவனித்தேன்.

அவள் பி.இ. முடித்தாள். வேலை? அரசுத் தேர்வு எழுத முடியாது. பாஸ்போர்ட் கிடையாது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கைத் தமிழர் இல்லை. 1987 ஜூலை 1-க்கு முன்பு இந்தியாவில் பிறந்திருந்தால் பிறப்பாலேயே குடிமகன். அதைக் காட்டித்தான், 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் ஹைகோர்ட் வரை போய் பாஸ்போர்ட் வாங்கி, 2024 தேர்தலில் ஓட்டும் போட்டார். தோழி பிறந்தது 1999. அம்மம்மாவுக்கு இலங்கைக் குடியுரிமை கிடைத்ததே பிற்பாடுதான். மூன்று தலைமுறை, மூன்று விதமான காகிதங்கள். 2025 செப்டம்பரில், 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் மீது பாஸ்போர்ட், விசா இல்லை என்று வழக்கு கிடையாது என மத்திய அரசு அறிவித்தது. 'சட்டவிரோதக் குடியேறி' என்ற பயம் அளவில் நிம்மதி. குடியுரிமை அதில் இல்லை.

திரும்பிப் போகலாமே என்று கேட்பீர்கள். போனவர்கள் இருக்கிறார்கள், 2009-க்குப் பிறகு ஆயிரக்கணக்கில். ஆனால் 2025 மே மாதம், ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் ஏற்பாட்டில் ஊர் திரும்பிய ஒரு முதியவரைப் பலாலி விமான நிலையத்தில் கைது செய்தார்கள். அந்தக் காலத்தில் முறையான வழியில் நாட்டை விட்டுப் போகவில்லை என்பது குற்றமாம்! உயிர் தப்பிப் படகேறியவர் பாஸ்போர்ட்டில் சீல் குத்திக்கொண்டா போவார்? அந்தச் செய்தி வந்த வாரம் முகாமில் அதைத் தவிர வேறு பேச்சே இல்லையாம்.

நமக்கும் கொஞ்சம் வேண்டும்

இதை எழுத ஆரம்பித்தபோது, அமைதிக் கல்வி என்பது அவர்களுக்குத் தேவைப்படும் ஒன்று என்றுதான் நினைத்தேன். எழுத எழுத, சிரித்த வகுப்புக்குத்தான் அது முதலில் தேவை என்று தோன்றிவிட்டது.

எங்கள் பக்கத்துக்குச் 'சமாதானக் கூட்டம்' என்ற சொல் புதிதில்லை. கலெக்டர் அல்லது தாசில்தார் தலைமையில் இரண்டு தரப்பும் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவது. 1957-ல் அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் ராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இருந்தன. அந்த வருஷம் செப்டம்பர் 10-ம் தேதி முதுகுளத்தூரில் அப்படி ஒரு கூட்டம் நடந்தது. மறுநாள், 11-ம் தேதி, அதில் கலந்துகொண்ட இமானுவேல் சேகரன் பரமக்குடியில் கொலை செய்யப்பட்டார். 14-ம் தேதி கீழத்தூவலில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் ஐந்து பேர் இறந்தார்கள். அது இனப்படுகொலை அல்ல, சாதிக் கலவரம். ஆனால், கையெழுத்தோடு சமாதானம் முடிந்துவிடாது என்பதற்கு நாங்கள் வெளிநாடு போய் உதாரணம் தேட வேண்டியதில்லை. அந்த 57-ஐப் பற்றி எங்கள் வகுப்பில் யாராவது பாடம் எடுத்தார்களா? ம்ஹூம். இன்னார் தெருவுக்குப் போகாதே என்று வீட்டில் சொல்வார்கள். காரணத்தை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

2023 ஆகஸ்ட்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு குழு போட்டார்கள். 2024 ஜூனில் அறிக்கை வந்தது. பள்ளிப் பெயரில் சாதி வேண்டாம், கையில் கலர்க் கயிறு வேண்டாம் என்பதெல்லாம் அதில் உண்டு. வழக்கம்போல, கயிற்றைப் பற்றி மட்டும் ஒரு வாரம் டிவியில் சண்டை போட்டு அதை விட்டுவிட்டோம்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2021-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. மே 18-ல் முடியும் ஏழு நாள்கள் அங்கே தமிழின அழிப்பு பற்றிய கல்வி வாரம். டொரன்டோவில் ஒரு பிள்ளை முள்ளிவாய்க்காலைப் பற்றி ஸ்கூலில் கேள்வி கேட்கலாம். அருப்புக்கோட்டையில், முள்ளிவாய்க்காலில் உறவைத் தொலைத்த வீட்டுப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு, கேட்கலாம் என்றே தோன்றவில்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது முகாமுக்குப் போனேன். தோழிக்கு இப்போது யு.கே.ஜி. படிக்கும் மகள். புது வீட்டுத் திண்ணையில் அம்மம்மா உட்கார்ந்திருந்தார். காது சரியாகக் கேட்கவில்லை. நான் யாரென்று தோழி மூன்று தடவை சத்தமாகச் சொன்ன பிறகு, "ஓம், சிரிச்ச பிள்ளை" என்றார். கொப்பி விஷயம் அந்த வீடு வரைக்கும் போயிருந்தது எனக்கு அன்றுதான் தெரியும்.

பேத்தியின் மகள் புளியங்கொட்டைகளைத் தரையில் பரப்பி எண்ணிக்கொண்டிருந்தாள். "எக்க, தெக்க, துன..." எனக்குப் புரியவில்லை. சிங்களத்தில் ஒன்று, இரண்டு, மூன்று என்றாள் தோழி. அந்த வரிசையில் சிங்களம் தெரிந்த ஒரே ஆள் அம்மம்மாதானாம்.

ஏன் அதைக் கற்றுக்கொடுக்கிறார் என்று கேட்டேன். 77-ல் லயன் எரிந்த ராத்திரி, ஒரு சிங்கள வீட்டில் நெல் மூட்டைகளுக்குப் பின்னால் இவர்களை ஒளித்து வைத்திருக்கிறார்கள். மூன்று நாள். கொளுத்த வந்தவர்களும் அதே ஊர்க்காரர்கள். சிலரை முகம் தெரியுமாம். "ரெண்டையும்தான் சொல்லிக் குடுக்கிறன். எரிச்சவனையும் சொல்லுவன், ஒளிச்சு வச்சவளையும் சொல்லுவன். இவளுக்கு இன்னும் அஞ்சு வயசுதானே, அதால ஒளிச்சு வச்சவள முதல்ல சொல்லியிருக்கிறன்" என்றார்.

"மற்றதை எப்பச் சொல்லுவீங்க?" என்றேன்.

காதில் விழவில்லையோ என்னவோ. குழந்தை பத்து வரைக்கும் எண்ணி முடித்துவிட்டு, பதினொன்றுக்கு என்ன என்று கேட்டது. அம்மம்மா சொல்ல ஆரம்பித்தார்.